அடாஸ் வாங்கலாமா? பாதி வாங்கலாம்

புதுக் கார் பார்க்கிறவர்கள் எல்லாரும் இப்போது கேட்கிற கேள்வி, "அடாஸ் இருக்கிற வேரியன்ட்டே எடுத்துடலாமா, இல்ல தண்டச் செலவா?" என்பதுதான். அடாஸ் என்றால் கேமரா, ரேடார் வைத்து ரோட்டைக் கவனித்து, எச்சரிப்பது, பிரேக் அடிப்பது, ஸ்டியரிங் திருப்புவது என்று ஓட்டுகிறவருக்குக் கார் செய்கிற உதவிகள். ஆபீஸ் கேன்டீனிலும் இன்பாக்ஸிலும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது, மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன். நீங்கள் கோட்டை விடும்போது மட்டும் குறுக்கே வந்து காப்பாற்றுகிற வசதிகளுக்குத் தாராளமாகக் காசு கொடுங்கள். "நீ சும்மா உட்காரு, நான் ஓட்டுறேன்" என்று வருகிற வசதிகளைச் சென்னைக்குள் அணைத்தே வைத்திருங்கள்.

விற்கிறவர்கள் இந்த இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டித் தருவதால்தான் இவ்வளவு குழப்பம். 2020-இல் எம்ஜி குளோஸ்டரில் வந்தபோது இது பணக்காரர் சமாச்சாரம். 2021-இல் எக்ஸ்யூவி700 வந்தது (நம்ம செங்கல்பட்டு பக்கம் மகிந்திரா சிட்டி ஆராய்ச்சி மையத்தில் உருவான வண்டி), 2023-இல் வென்யூ வரைக்கும் இறங்கிவிட்டது. இங்கே விற்பதில் பெரும்பாலானவை லெவல் 1 அல்லது லெவல் 2. அதாவது கை ஸ்டியரிங்கில், கண் ரோட்டில், பொறுப்பு முழுக்க உங்கள் தலையில். ஓடுகிற வண்டியில் சீட்டை விட்டு எழுந்து ரீல்ஸ் எடுக்கிறவர்களுக்கு இதை யார் சொல்லிப் புரியவைப்பது!

முதலில் அணைக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். அடாப்டிவ் குரூஸ் முன்னால் போகிற வண்டியோடு ஒழுங்கான இடைவெளி விட்டு ஓட்டும். ஓஎம்ஆரில் இடைவெளி விட்டால் என்ன ஆகும்? அதில் முதலில் ஒரு பைக் நுழையும், அப்புறம் ஒரு ஷேர் ஆட்டோ, அதன் பின்னாலேயே இடப்பக்கமிருந்து ஒரு எம்டிசி பஸ் மூக்கை நுழைக்கும். நம்ம வண்டியோ மரியாதையாக ஒவ்வொருவருக்கும் புதிதாக இடைவெளி விட்டு விட்டு, பின்னோக்கிப் போகாத குறைதான். வண்டியை ரோட்டுக் கோட்டுக்குள்ளேயே பிடித்து வைக்கிற லேன் அசிஸ்ட் கதை இன்னும் மோசம். பல வண்டிகளில் அது மணிக்கு 60 கி.மீ. வாக்கில்தான் விழித்துக்கொள்ளும், காலை ஒன்பது மணிக்கு ஓஎம்ஆரில் அந்த வேகத்தைத் தொட்டவர் யாராவது இருந்தால் கமென்டில் சொல்லுங்கள். ராத்திரி காலியாக இருக்கும்போது விழித்துக்கொண்டாலும், மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்துப் பாதையை ஒதுக்கிய இடத்தில் பழைய வெள்ளைக் கோடு தடுப்புக்கு அடியில் நேராகப் போகும், நாம் வளைந்து போயாக வேண்டும். அந்த இடத்தில் ஸ்டியரிங் கோட்டுப் பக்கமாக லேசாக இழுக்கும் பாருங்கள், தூக்கம் மொத்தமும் கலைந்துவிடும்.

இப்போது வைத்துக்கொள்ள வேண்டியவை. தானியங்கி அவசர பிரேக், கண்ணுக்குப் படாத பக்கத்தில் வருகிற வண்டியைக் காட்டுகிற பிளைண்ட் ஸ்பாட் விளக்கு, ரிவர்ஸ் எடுக்கும்போது குறுக்கே வருகிறதைச் சொல்கிற எச்சரிக்கை. தி.நகர் சந்துகளில் வீட்டு கேட்டிலிருந்து பின்பக்கமாக வண்டியை வெளியே எடுப்பவர்களுக்குக் கடைசியில் சொன்னதன் அருமை தெரியும்.

மச்சான் வண்டியில் மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் போய்க்கொண்டிருந்தோம். அவர் வலப்பக்கக் கண்ணாடியைப் பார்த்த அந்த நொடியில், முன்னால் போன ஆட்டோ ரோட்டோரம் கை காட்டிய ஒரு அம்மாவுக்காக நடு ரோட்டிலேயே நின்றுவிட்டது. பீப் சத்தம், உடனே வண்டி தானே அறைந்தாற்போல் நின்றது, பெல்ட் நெஞ்சை இறுக்கியது, பின்சீட்டில் இருந்த தயிர் பாக்கெட் பறந்து வந்து கியருக்குப் பக்கத்தில் வெடித்தது. ஆட்டோக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாசனை போக வாரக்கணக்கானது, ஆனால் பம்பரில் ஒரு கீறல் கிடையாது.

"பின்னால் தண்ணி லாரி ஒட்டிக்கொண்டு வந்திருந்தால்?" என்று உடனே கேட்பீர்கள். நியாயமான பயம்தான். ஆனால் அந்த லாரி நீங்களே பிரேக் அடித்தாலும் இடிக்கத்தான் போகிறது. எச்சரிக்கை எப்போது வர வேண்டும் என்பதைப் பல வண்டிகளில் மாற்றலாம், அதைத் தாமதம் என்பதில் வையுங்கள், தொட்டதற்கெல்லாம் கத்துவது குறையும். பிரேக்கை மட்டும் அணைக்காதீர்கள்.

இது என் அனுபவம் மட்டுமில்லை. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்துகிற ஐஐஎச்எஸ் கணக்குப்படி, அவசர பிரேக் இருக்கிற கார்கள் முன்னால் போகிற வண்டியின் முதுகில் இடிப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. அதே அமைப்பு 2024-இல், ஸ்டியரிங்கையும் வேகத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிற வசதிகளால் விபத்து குறைந்ததற்குத் தெளிவான ஆதாரம் இல்லை என்றும் சொன்னது. அவர்கள் ரோட்டிலேயே கதை இப்படி!

நம்ம ரோட்டில் இன்னொரு சிக்கல். விடிகாலை செய்தியில் வாரம் தவறாமல் வருமே, "நின்றிருந்த லாரி மீது கார் மோதி" என்று, அந்த விபத்தில்தான் இந்த அவசர பிரேக் பலவீனம். பாலம், பெயர்ப்பலகை எல்லாவற்றுக்கும் பிரேக் அடிக்கக் கூடாது என்பதால், அசையாமல் இருப்பதை ரேடார் பெரும்பாலும் கணக்கில் எடுக்காது, கேமரா கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். ராத்திரி, டெயில் லேம்ப் இல்லாத லாரி, மணிக்கு 100 கி.மீ. என்றால் கேமராவை நம்ப முடியாது. ஜிஎஸ்டி ரோட்டில் குரூஸ் போட்டுக் கண் அசருகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு அசருங்கள்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். ரேடார் இருப்பது முன் பம்பர் பக்கம், கேமரா இருப்பது கண்ணாடியில். சென்னையில் முதலில் அடி வாங்குவது எது? அதே பம்பர். கண்ணாடி மாற்றினால் கேமராவை மறுபடி காலிபரேட் செய்ய வேண்டும், அதாவது சரியாகப் பார்க்கிறதா என்று அளந்து சரிசெய்ய வேண்டும். பழைய உதிரிபாகம் விற்கிற புதுப்பேட்டையில் எது வேண்டுமானாலும் கிடைக்கும், அது கிடைக்காது. இன்ஷூரன்ஸில் கண்ணாடியோடு காலிபரேஷனும் அடங்குமா என்று கேட்டு வையுங்கள். ஃபாஸ்டேக்கைக் கேமரா முன்னால் ஒட்டிவிட்டு "வேலை செய்யல" என்று சர்வீஸ் சென்டரில் சண்டை போடாதீர்கள்.

எனக்கு உண்மையான எரிச்சல் வேறு இடத்தில். 2022-இல் சாலை விபத்தில் இறந்தவர்களில் நூற்றுக்கு 44-க்கும் மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள், விபத்து எண்ணிக்கையில் முதலிடம் 64,105 விபத்துகளோடு தமிழ்நாடு, இது மத்திய அரசு அறிக்கை. பைக்காரரையும் நடந்து போகிறவரையும் அடையாளம் கண்டு பிரேக் அடிக்கிற வசதி, காருக்கு வெளியே இருக்கிறவருக்கு உயிர். அதை டாப் வேரியன்ட்டில் சன்ரூஃபோடு சேர்த்து விற்கிறார்கள். சென்னை மே மாத வெயிலில் சன்ரூஃப் யாருக்குங்க? சடன் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ்ஸும் ஒரு காலத்தில் டாப் வேரியன்ட் சமாச்சாரம்தான், 2019-இல் கட்டாயம் என்றதும் எல்லா வண்டியிலும் வந்துவிட்டது. ஐரோப்பாவில் 2024 ஜூலையிலிருந்து புதுக் கார் எல்லாவற்றிலும் அவசர பிரேக் உண்டு.

பட்ஜெட் இழுத்தால் ஆறு ஏர்பேக், ஈஎஸ்சி (வண்டி சறுக்கித் திரும்பாமல் பிடிக்கிற வசதி), நல்ல டயர் முதலில். மீதி இருந்தால் அடாஸ். டெஸ்ட் டிரைவ் போகும்போது ஷோரூம்காரர் காட்டுகிற வழுவழு ரோட்டில் போகாமல் மெட்ரோ தடுப்பு இருக்கிற பக்கம் விடுங்கள். லேன் அசிஸ்ட்டை அணைக்கும் பொத்தான் கைக்கெட்டுகிறதா அல்லது திரையில் மூன்று மெனு தாண்டி இருக்கிறதா, அணைத்தது அடுத்த ஸ்டார்ட்டில் தானாக உயிர்த்தெழுகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள்.