அனுப்பிவிட்டால் பொறுப்பு முடிந்துவிடுமா?

கிராமத்தில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் வண்டி கிடைக்காமல் அல்லாடிய காலம் தமிழ்நாட்டில் பெரும்பாலும் மலையேறிவிட்டது. 2008-இல் 108 வந்தது. அதை ஓட்டுகிறவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. மலைக்கிராமங்களின் கதை வேறு. 2023-இல் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்து இறந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் உடலைத் தாய் கையில் சுமந்து நடந்ததைப் படித்திருப்பீர்கள். அங்கே சாலையே இல்லை. சாலையும் வண்டியும் உள்ள ஊர்களில், ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பியே ஏன் உயிர் போகிறது என்பதுதான் என் கேள்வி.

பாம்புக்கடியையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இதில் இறந்திருப்பார்கள் என்று ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலும் கிராமத்து மக்கள். விஷமுறிவு மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருக்க வேண்டியது. கண்ணாடி விரியன் கடித்தால் ரத்தம் உறையாது. அதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் எதுவும் வேண்டாம். சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் இருபது நிமிடம் வைத்துவிட்டுச் சாய்த்துப் பார்த்தால் போதும். உறையாமல் ஓடினால் மருந்தை ஏற்ற வேண்டும். பிளாஸ்டிக் குழாயில் இந்தச் சோதனை சரிவராது. ஒரு கண்ணாடிக் குழாயும் ஒரு கடிகாரமும்தான் தேவை. கட்டுவிரியன் இன்னும் மோசம். தரையில் படுத்துத் தூங்குகிறவரை ராத்திரியில் கடிக்கும். வலியும் வீக்கமும் பெரிதாக இருக்காது. விடியற்காலையில் வயிறு வலிக்கிறது என்று வருகிறவருக்கு வயிற்றுவலி மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிட்டால், கண் இமை தொங்கி மூச்சு நிற்கும் நேரத்தில் அவர் எங்கே இருப்பாரோ!

என் பெரியப்பா ராத்திரி மின்சாரம் வந்ததும் மோட்டார் போடப் போன இடத்தில் கண்ணாடி விரியன் கடித்தது. முதலில் போன இடத்தில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். தாலுகா ஆஸ்பத்திரியில் அந்தச் சீட்டின் பின்பக்கத்திலேயே இன்னொரு வரி எழுதி மாவட்டத் தலைநகருக்கு அனுப்பினார்கள். அந்தச் சீட்டை நான் பார்த்தேன். ‘பாம்புக்கடி. மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறார்.’ கடித்த நேரம் இல்லை, வந்த நேரம் இல்லை, ரத்தம் உறைந்ததா என்று இல்லை, மருந்து ஒரு குப்பியாவது ஏற்றினார்களா என்றும் இல்லை. கையெழுத்து இருந்தது; யாருடையது என்று படிக்க முடியவில்லை. மூன்றாவது இடத்தில்தான் மருந்து ஏறியது. அதற்குள் சிறுநீரகம் பழுதாகி, சில வாரங்கள் டயாலிசிஸ். மனிதர் பிழைத்துக்கொண்டார். பிழைத்துக்கொண்டதால் யாரும் எதையும் விசாரிக்கவில்லை. இறந்திருந்தாலும் விசாரித்திருக்க மாட்டார்கள் என்பதுதான் என் ஆத்திரம்.

உடனே டாக்டர்களைத் திட்டக் கிளம்ப வேண்டாம். விஷமுறிவு மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கப்படுவது. சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வரும். ஒரே ஒரு செவிலியரை வைத்துக்கொண்டு ராத்திரியில் அதைச் சமாளிக்க வேண்டிய இளம் டாக்டரின் நிலையை யோசித்துப் பாருங்கள். நோயாளி அவர் மேசையில் இறந்தால் ஊரே திரண்டு வந்து சாலை மறியல் செய்யும். போகிற வழியில் ஆம்புலன்சில் இறந்தால், ‘விதி’ என்று கூட்டம் கலைந்துவிடும். இப்படி ஓர் ஏற்பாட்டை வைத்திருந்தால் எந்த மனிதரும் அனுப்பத்தான் செய்வார். நாமும் மறியல் செய்யும்போது ஒரு நாளும் ‘எத்தனை மணிக்கு என்ன கொடுத்தீர்கள்’ என்று கேட்பதில்லை. பணம் எவ்வளவு என்பதில்தான் பேச்சுவார்த்தை முடிகிறது.

இதைச் சரிசெய்யும் வழி நம் அரசுக்குத் தெரியாததல்ல. பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் இங்கே அந்த மரணம் தனியாகப் பதிவாகிறது. எந்த வீட்டிலிருந்து எப்போது கிளம்பினார், எங்கே காத்திருந்தார், யார் பார்த்தார், ரத்தம் எப்போது கிடைத்தது என்று ஒவ்வொரு கட்டமாக விசாரிக்கிறார்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையில் நடக்கும் ஆய்வில் குடும்பத்தினரும் பேசலாம். யாரையும் தண்டிப்பது அதன் நோக்கமல்ல, ஓட்டை எங்கே என்று பார்ப்பதுதான். 2001-03-இல் லட்சம் பிரசவத்துக்கு 134 ஆக இருந்த தமிழ்நாட்டின் தாய் இறப்பு விகிதம் 2018-20-இல் 54 ஆகக் குறைந்ததற்கு இந்த விசாரணையும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பாம்புக்கடிக்கும் நெஞ்சுவலிக்கும் பூச்சிமருந்து குடித்தவருக்கும் அதே விசாரணை ஏன் கூடாது? 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழக அரசு அறிவித்தது. நல்லதுதான். ஆனால் எண்ணிக்கை ஒன்று, விசாரணை வேறு.

சட்டமும் நம் பக்கம்தான். 1992-இல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளியை அரசு ஆஸ்பத்திரிகள் ஒன்று மாற்றி ஒன்று திருப்பி அனுப்பின. 1996-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னதோடு, உரிய நேரத்தில் சிகிச்சை தராமல் விடுவது உயிர்வாழும் உரிமையை மீறுவது என்றும், பணமில்லை என்று அரசு சாக்குச் சொல்ல முடியாது என்றும் தீர்ப்பளித்தது. படுக்கை எங்கே இருக்கிறது என்று விசாரித்து அனுப்பத் தகவல் தொடர்பு வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு. கைபேசி பரவாத காலத்துத் தீர்ப்பு அது. இன்று எல்லார் கையிலும் இரண்டு சிம் இருக்கிறது; அடுத்த ஆஸ்பத்திரிக்கு ஒரு அழைப்புப் போகவில்லை.

எங்கள் ஊர் கிராம சபையில் வைக்க ஒரு தீர்மானம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆரம்ப சுகாதார நிலைய வாசலில் தினமும் ஒரு பலகை: விஷமுறிவு மருந்து எத்தனை குப்பி கையிருப்பு, இன்று ராத்திரிப் பணியில் யார், இந்த மாதம் எத்தனை பேரை வெளியே அனுப்பினார்கள், அவர்கள் என்ன ஆனார்கள். வார்டு உறுப்பினர் படித்துப் பார்த்துவிட்டு, “டாக்டர் கோபித்துக்கொள்வாரே தம்பி” என்றார். கோபித்துக்கொள்ளட்டும், அண்ணே. பலகை இருக்கட்டும்.