பகலில் பார்த்தவனின் சொல்

என் பள்ளித் தோழன் பத்து ஆண்டுகளாக "ஒருமுறை படித்துப் பாருடா" என்று சொல்லிக்கொண்டிருந்த நாவலை, காட்பாடிக்கும் சென்னைக்குமான ரயில் பயணங்களில் இந்த மாதம் ஒருவழியாகப் படித்து முடித்தேன். ஜான் இர்விங் எழுதி 1989-இல் வெளிவந்த 'எ பிரேயர் ஃபார் ஓவன் மீனி' என்ற நாவல் அது. தோழன் ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குச் செல்பவன். நான் திருவிழாவுக்கு மட்டும் கோயில் பக்கம் போகிறவன். மதப் பிரசங்கமாக இருந்துவிடுமோ என்ற தயக்கத்தில்தான் இத்தனை காலம் தள்ளிப்போட்டேன் என்பதை இந்தப் பதிவின் வழியாகவே அவன் தெரிந்துகொள்ளட்டும்.

கதை நடப்பது அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில். கருங்கல் குவாரி நடத்தும் குடும்பத்தில் பிறந்த ஓவன், வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாத, கிறீச்சிடும் குரல் கொண்ட சிறுவன். அவன் அடித்த பேஸ்பால் பந்து பட்டு, அவனுடைய உயிர் நண்பன் ஜானின் தாய் இறந்துபோகிறாள். அதற்குப் பிறகும் அந்த நட்பு முறியவில்லை என்பதுதான் என்னை நாவலுக்குள் இழுத்துப் போட்டது. தான் கடவுளின் கருவி என்று ஓவன் உறுதியாக நம்புகிறான். அவன் பேசுவதெல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் அச்சாகியிருக்கிறது. அப்படியொரு வசதியே இல்லாத தமிழில் அந்தக் குரலை எப்படிக் கொண்டுவருவது என்று வாலாஜா ரோடு தாண்டும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

தோழன் கொண்டாடும் காட்சி ஒன்று உண்டு. மாலை மங்கி, மகதலேனா மரியாளின் கற்சிலை இருளில் மறைந்த பின், சிலை இன்னும் அங்கேதான் இருக்கிறது என்பதில் உனக்குச் சந்தேகம் உண்டா என்று ஓவன் கேட்கிறான். இல்லை என்கிறான் ஜான். கடவுள் விஷயத்தில் எனக்கும் அப்படித்தான் என்கிறான் ஓவன். எனக்கு இதில் உடன்பாடில்லை. சிலையை ஜான் பகலில் பார்த்திருக்கிறான். கடவுளை ஓவன் எந்தப் பகலில் பார்த்தான்?

ஆனால் இந்தக் கேள்வியை எழுப்பிய கையோடு என் பாட்டி நினைவுக்கு வந்துவிட்டார். நீரில்லா ஆறு, மன்னனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில் என்று எங்கள் வேலூரைக் கேலி செய்வார்கள் அல்லவா? கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981-இல் லிங்கம் மீண்டும் பிரதிஷ்டை செய்யப்படும்வரை, பல தலைமுறைகளாகக் கருவறை வெறுமையாகவே கிடந்தது. அந்த வெறுமையைப் பார்த்தும் பாட்டி கைகூப்புவாராம். கேட்டால், "சாமி இருந்த இடம்னு என் மாமியார் சொன்னாங்க" என்பாராம். அந்த மாமியாரும் பார்த்தவரல்லர். பாட்டி நம்பியது முதலில் அந்த மாமியாரைத்தான். ஜானும் அப்படியே: அவன் நம்பிக்கை நேராகக் கடவுளிடம் போகவில்லை, ஓவன் வழியாகவே போகிறது.

அதனால்தான் முடிவு எனக்குக் குறையாகப்பட்டது. ஓவனும் ஜானும் பள்ளி நாட்களில் விளையாட்டாகப் பயிற்சி செய்ததுகூடக் கடைசியில், கடவுள் முன்பே திட்டமிட்டதுபோல, அச்சுப் பிசகாமல் பொருந்திவிடுகிறது. இவ்வளவு கச்சிதமான சாட்சியம் கையில் கிடைத்தவனுக்கு நம்பிக்கை எதற்கு? ஓவனின் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு ஜான் தடுமாறியிருந்தால், நாவலை இன்னும் அதிகமாக நேசித்திருப்பேன்.

வரும் ஞாயிறு, ஆராதனை முடிந்து அவன் வந்ததும், அகழியோரம் அமர்ந்து புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப்போகிறேன். அந்த முடிவை அவன் விட்டுக்கொடுக்கமாட்டான் என்று தெரியும். இரண்டு டீக்காவது சண்டை நீளும்.