குடும்பப் பண்ணை, சரி. எந்தக் குடும்பம்?

தென்னாப்பிரிக்காவில் கேப்டவுனிலிருந்து வடக்கே ஸ்வார்ட்லேண்ட் பக்கம் ஒயின் பண்ணை சுற்றிப் பார்த்துவிட்டு வரும் நம்மவர்கள் எல்லோரும் தவறாமல் போடும் வரி, "நாலு தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்துகிறது." எனக்கும் அந்தப் பண்ணைகளைப் பிடிக்கும். கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவன், கொடியைக் கண்டால் கால் நின்றுவிடும்.

அங்கே பந்தலும் இல்லை, கம்பியும் இல்லை. செனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் திராட்சையின் பழைய செடிகள் இடுப்பளவு உயரத்தில், முறுக்கிய கட்டையாகத் தனித்தனியாக நிற்கின்றன. பல தோட்டங்களில் சொட்டுநீர்கூடக் கிடையாது. மே முதல் ஆகஸ்ட் வரை பெய்யும் மழையை மண்ணில் பிடித்து வைத்து, கோடை முழுக்க அதிலேயே ஓட்டுகிறார்கள். அதற்காகவே குளிர்காலத்தில் வரிசைகளுக்கு நடுவே தானியம் விதைத்து, வெயில் ஏறும் முன் மடக்கிப் போட்டு மண்ணை மூடிவிடுகிறார்கள். விளைச்சல் என்னவோ சொற்பம்தான். கணக்குப்பிள்ளை யாராவது பார்த்தால் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதுச்செடி வைக்கச் சொல்வார். பிடுங்காமல் வைத்திருப்பது அந்தக் குடும்பங்களின் பொறுமை, மறுக்கவில்லை. 35 வயது தாண்டிய கொடிகளுக்கு 2018 முதல் தனி முத்திரையே இருக்கிறது. நட்ட ஆண்டு பாட்டிலிலேயே இருக்கும்.

ஆனால் அந்தக் கொடியை உயிரோடு வைத்திருப்பது கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிச் சீர்செய்யும் வேலை. ஜூலைக் குளிரில் ஓர் அம்மா வேலை செய்வதைப் பார்த்தேன். குனிந்து, போன வருடத்துக் கிளையை விரலால் தடவி, வெளிப்பக்கம் பார்த்த கண் (துளிர் விடும் மொட்டு) எது என்று தேடி, இரண்டு கண் விட்டு வெட்டினார். உள்பக்கக் கண்ணை விட்டால் நடுவில் அடைந்துபோய்க் காற்று புகாது, சாம்பல் நோய் வரும். நம்ம ஊரிலும் இதே கதைதான். அவருடைய அப்பாவும் இதே செடிகளைத்தான் வெட்டினாராம். அவர்களுக்கும் தலைமுறைக் கணக்கு உண்டு, பாட்டிலில்தான் இல்லை.

கேப் பகுதியில் ஒயின் தொடங்கியது 1659இல், சீக்கிரமே அடிமை உழைப்பின்மேல் வளர்ந்தது. அந்த அடிமைகளில் சோழமண்டலக் கரையிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களும் உண்டு. பிற்பாடு கூலியில் ஒரு பங்கை மட்ட ஒயினாகவே கொடுக்கும் 'டாப்' முறை. சட்டம் தடுத்த பிறகும் 1990கள் வரை பல இடங்களில் நடந்தது. கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்ட குழந்தைகள் இன்றும் அங்கே ஏராளம். 2012இல் அதே கேப் பகுதியின் டி டோர்ன்ஸ் ஊர்த் திராட்சைத் தொழிலாளர்கள் தெருவில் இறங்கிய பிறகுதான், 69 ராண்டாக இருந்த குறைந்தபட்ச நாள்கூலி 105 ஆனது.

"நல்ல ஒயினைக் குடித்துவிட்டுக் கூலிக் கணக்கு பேசுகிறானே" என்று சிலர் முனகுவீர்கள். முனகுங்கள். 1860இல் கரும்புத் தோட்டக் கூலிகளாக இந்த நாட்டின் நேட்டாலுக்குக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இதைப் படிப்பீர்கள். கரும்புத் தோட்டத்தின் கதையை முதலாளி வீட்டார் மட்டும் சொன்னால் சும்மா இருப்பீர்களா?

கேப் பகுதியின் வெலிங்டன் ஊரில் போஸ்மன் குடும்பத்தின் பண்ணையில் தொழிலாளர்களும் பங்குதாரர்கள். அப்படிப்பட்ட இடங்கள் குறைவு. ருசி பார்க்கப் போகிறவர்கள் மண்ணைப் பற்றியும் மரப்பீப்பாய் பற்றியும் ஆயிரம் கேட்கிறீர்களே, கவாத்து யார் செய்கிறார்கள், அவர்கள் குடியிருக்கும் வீடு யார் பெயரில் இருக்கிறது என்றும் அப்படியே கேட்டுவிட்டு வாருங்கள்.