கோச்சை மாற்றுவதென்றால் பையனை எடுப்பதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்

2017 ஏப்ரல் 27. நாங்கள் சிகாகோ பக்கம் குடிவந்த புதிது. பக்கத்து வீட்டுக்காரர் சிகாகோ பேர்ஸ் அணிக்கு அப்பா காலத்திலிருந்து ரசிகர். டிராஃப்ட் பார்க்க வாருங்கள் என்று கூப்பிட்டார். ஆட்டம் எதுவும் கிடையாது. மேடைக்கு ஒருவர் வந்து ஒரு பெயரைப் படிப்பார், அவ்வளவுதான். அதைப் பார்க்க வீடு நிறைய ஆட்கள்.

அமெரிக்கன் ஃபுட்பால் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்லூரியில் ஆடி முடித்தவர்களை 32 அணிகளும் ஏழு சுற்றுகளாகப் பங்குபோட்டுக்கொள்வதுதான் டிராஃப்ட். போன வருஷம் கடைசியாக வந்த அணிக்கு முதல் தேர்வு. இதில் எல்லோரும் தேடுவது குவார்ட்டர்பேக்கை. பந்தை யாரிடம் கொடுப்பது, எங்கே எறிவது என்று ஒவ்வொரு முறையும் மூன்று நொடிக்குள் முடிவெடுக்கிறவர் அவர்தான்.

பேர்ஸுக்கு அன்று மூன்றாவது இடம். ஒரே ஒரு படி மேலே போவதற்காகத் தங்கள் கையிலிருந்த மூன்று தேர்வுகளைக் கூடுதலாகக் கொடுத்து, இரண்டாவது ஆளாக மிட்செல் ட்ருபிஸ்கியை எடுத்தார்கள். கல்லூரியில் தொடக்க ஆட்டக்காரராக அவர் இறங்கியது மொத்தம் 13 ஆட்டங்களில்தான். வீடே அமைதியானது. அதே இரவு பத்தாவது இடத்தில் கேன்சஸ் சிட்டி எடுத்தவர், பின்னால் லீக்கின் பெரிய நட்சத்திரமான குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ்.

மஹோம்ஸை எப்படி விட்டார்கள் என்று இந்த ஊரில் இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு வேறொரு கேள்விதான் பெரிதாகத் தெரிகிறது. அன்றைக்கு மஹோம்ஸ் சிகாகோவுக்கு வந்திருந்தால், நாம் இப்போது பார்க்கிற மஹோம்ஸ் ஆகியிருப்பாரா? ஆகியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

2017லிருந்து பேர்ஸ் முதல் சுற்றில் மூன்று குவார்ட்டர்பேக்குகளை எடுத்தது. 2017ல் ட்ருபிஸ்கி, 2021ல் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ், 2024ல் முதல் தேர்வாகவே காலப் வில்லியம்ஸ். ட்ருபிஸ்கி வந்தபோது தலைமைக் கோச் ஜான் ஃபாக்ஸ். அந்த சீசன் முடிந்த மறுநாளே அவரை நீக்கினார்கள். ஃபீல்ட்ஸ் வந்தபோது மாட் நேகி; அந்த சீசன் முடிந்ததும் அவரும் போனார். வில்லியம்ஸ் வந்தபோது மாட் எபர்ஃப்ளஸ். அவர் சீசன் முடியும் வரைகூட இருக்கவில்லை, நவம்பரிலேயே நீக்கப்பட்டார். அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் தாக்குதல் ஆட்டத்தை வகுக்கிற கோஆர்டினேட்டரையும் வெளியே அனுப்பியிருந்தார்கள். மூன்று பையன்கள், மூன்று பேருக்கும் இரண்டாம் வருஷம் புது கோச். இதைப் பார்த்த பிறகு பையன் சரியில்லை என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கோச் மாறினால் என்ன, ஆடத் தெரிந்தவன் ஆடுவான் என்று பலர் சொல்வார்கள். குவார்ட்டர்பேக்கின் வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்தால் அப்படிச் சொல்ல வராது. 1994லிருந்து குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் ரேடியோ உண்டு. 40 நொடிக் கடிகாரம் ஓடத் தொடங்கும். கோச் அதற்குள் அடுத்த ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். 15 நொடி மீதி இருக்கும்போது ரேடியோ தானாக நின்றுவிடும். கேட்டதை மற்ற பத்துப் பேருக்கும் அவர் அப்படியே திருப்பிச் சொல்லி, எதிரணி எப்படி நிற்கிறது என்று பார்த்து, தேவைப்பட்டால் திட்டத்தை அங்கேயே மாற்ற வேண்டும். அந்த வாக்கியம் ஒவ்வொரு கோச்சிடமும் ஒவ்வொரு மொழி. ஒரு முறையில் ரிசீவர்கள், அதாவது எறிகிற பந்தைப் பிடிக்கிறவர்கள், ஓட வேண்டிய பாதைக்கெல்லாம் பெயர் இருக்கும், நீளமாகச் சொல்வார்கள். இன்னொரு முறையில் பாதைகளுக்கு 0 முதல் 9 வரை எண்கள், மூன்று இலக்கத்தில் முடிந்துவிடும். பாதை அதேதான், அதைச் சொல்கிற மொழிதான் வேறு. 21 வயதுப் பையன் ஒரு வருஷம் முழுக்க அதைக் கற்று, யோசிக்காமலே காலும் கையும் நகர்கிற நிலைக்கு வருகிற நேரத்தில் புத்தகத்தைப் பிடுங்கிவிட்டு வேறொன்றைக் கொடுக்கிறோம்.

இதற்கு அலெக்ஸ் ஸ்மித்தைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. 2005ல் சான் ஃபிரான்சிஸ்கோ முதல் தேர்வாக அவரை எடுத்தது. அந்த ஊருக்குப் பக்கத்திலேயே, பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆடிக்கொண்டிருந்த ஆரோன் ராஜர்ஸ் 24வது இடம் வரை காத்திருந்து கிரீன் பேவுக்குப் போனார். ஸ்மித் முதல் வருஷத்தில் எறிந்து புள்ளியாக்கிய டச்டவுன் 1, எறிந்து எதிரணியின் கையில் கொடுத்த இன்டர்செப்ஷன் 11. முதல் ஐந்து வருஷத்தில் அவருக்கு ஐந்து கோஆர்டினேட்டர்கள். முதலாமவர் பெயர் சொல்லி அழைக்கிற முறைக்காரர், இரண்டாமவர் எண் முறைக்காரர். ராஜர்ஸ் கிரீன் பேயில் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பிரெட் ஃபாவ்ருக்குப் பின்னால் மூன்று வருஷம் உட்கார்ந்திருந்தார். பந்தைக் காதுக்குப் பக்கத்தில் உயரமாகப் பிடிக்கிற பழக்கம் அவருக்கு இருந்தது, அதையே இந்த இடைவெளியில் மாற்றினார்கள். 2008ல் களமிறங்கினார், 2010 சீசனில் லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை வென்றார்.

இதில் என்னை விடாமல் பிடித்திருக்கிற விஷயம் ஒன்று உண்டு. ஸ்மித்தின் முதல் கோஆர்டினேட்டர் மைக் மெக்கார்த்தி. 2006ல் கிரீன் பேவுக்குத் தலைமைக் கோச்சாகப் போய், ராஜர்ஸை வளர்த்தெடுத்தவரும் அவரேதான். அதாவது ஸ்மித்துக்கு ஒரு வருஷம் மட்டும் கிடைத்த அதே ஆசிரியர், ராஜர்ஸுக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கும் மேல் கிடைத்தார். இருவரின் திறமையும் சமம் என்று நான் சொல்லவில்லை. ராஜர்ஸின் கை வேறு கை. ஆனால் இடத்தை மாற்றிப் போட்டிருந்தால் வரலாறு இப்படியே இருந்திருக்கும் என்று யாராவது அடித்துச் சொன்னால் என்னால் நம்ப முடியாது.

பெரிய குவார்ட்டர்பேக்கான பீட்டன் மேனிங் இப்படி உட்கார்ந்து கற்கவே இல்லையே என்பார்கள். உண்மைதான். 1998ல் முதல் தேர்வாக வந்து முதல் ஆட்டத்திலிருந்தே ஆடினார். அந்த வருஷம் 28 இன்டர்செப்ஷன், அணி வென்றது மூன்றே ஆட்டம். புதியவர் ஒருவர் கொடுத்த இன்டர்செப்ஷன்களில் இன்று வரை அதுதான் அதிகம். மறு வருஷம் 13 வெற்றி. நடுவில் தலைமைக் கோச்கள் மாறியபோதும் டாம் மூர் என்ற கோஆர்டினேட்டரை இண்டியானாபொலிஸ் பத்து வருஷத்துக்கு மேல் கையை விட்டுப் போகவிடவில்லை. ஆக, உட்கார வைப்பதா, உடனே இறக்குவதா என்கிற வழக்கமான சண்டை எனக்கு இரண்டாம் பட்சம். காதில் கேட்கிற குரல் மாறாமல் இருந்ததா என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது.

மேனிங்குக்கு அடுத்த இடத்தில் அதே வருஷம் போய்த் தோற்றுப்போன ரையன் லீஃபை எந்தக் கோச்சாலும் காப்பாற்றியிருக்க முடியுமா என்று தெரியவில்லை. சிலர் அப்படித்தான் வருவார்கள். எல்லாக் காலத்துக்கும் சிறந்த குவார்ட்டர்பேக்குகளில் ஒருவரான டாம் பிரேடி 2000ல் 199வது ஆளாகப் போனார் என்பதே போதும், தேடித் தேர்ந்தெடுக்கிறவர்களுக்கு இதில் எவ்வளவு தெரியும் என்பதற்கு. அதனால்தான் கேட்கிறேன்: தேர்வு என்பது பாதி குருட்டு விஷயம் என்றால், நம் கையில் இருக்கிற மீதிப் பாதியையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டாமா?

பொறுமை குறைந்ததற்குப் பணமும் ஒரு காரணம். 2010ல் முதல் தேர்வான சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு வருஷத்துக்கு 7.8 கோடி டாலர். அடுத்த வருஷம் புது ஒப்பந்த விதிகள் வந்தன. அந்த வருஷத்து முதல் தேர்வான கேம் நியூட்டனுக்கு நான்கு வருஷத்துக்கு 2.2 கோடிதான். குவார்ட்டர்பேக் மலிவாக இருக்கிற அந்த நான்கு வருஷத்துக்குள் மிச்சப் பணத்தில் மற்ற நட்சத்திரங்களை வாங்கி ஜெயித்துவிட வேண்டும் என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கில் பையன் உட்கார்ந்து கற்கிற ஒரு வருஷம் நஷ்டமாகத் தெரிகிறது.

பஃபலோவைப் பாருங்கள். 2018ல் ஜாஷ் ஆலன் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தபோது இவருக்குக் குறி தவறுகிறது என்று சொல்லாதவர் இல்லை. முதல் வருஷம் எறிந்ததில் 52.8 சதவீதம்தான் கைக்குப் போய்ச் சேர்ந்தது. மூன்றாம் வருஷம் 69.2. அந்த மூன்று வருஷமும் அதே கோச் ஷான் மெக்டெர்மட், அதே கோஆர்டினேட்டர் பிரையன் டேபல். மூன்றாம் வருஷத்துக்கு முன்னால் ஸ்டெஃபான் டிக்ஸ் என்ற ரிசீவரை வாங்கிக் கொடுத்தார்கள். அதே டிராஃப்டில் பத்தாவதாகப் போன ஜாஷ் ரோசனை அரிசோனா ஒரே வருஷத்தில் விட்டுவிட்டு, கோச்சையும் மாற்றி, மறு டிராஃப்டில் வேறொரு குவார்ட்டர்பேக்கை எடுத்தது. ரோசனுக்கு அப்புறம் எங்கேயும் காலூன்றவே முடியவில்லை.

2024ல் இரண்டாவது தேர்வு வாஷிங்டனுக்கு. அவர்கள் ஜனவரியில் பழைய கோச்சை அனுப்பி, டான் க்வின்னைக் கொண்டுவந்து, புது கோஆர்டினேட்டரை வைத்து, அதன் பிறகுதான் ஏப்ரலில் ஜேடன் டேனியல்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தார்கள். 12 வெற்றி, சூப்பர் பவுலுக்கு ஒரு ஆட்டம் பாக்கி வரை போனார்கள். சிகாகோ அதே ஜனவரியில் எபர்ஃப்ளஸை வைத்துக்கொண்டு கோஆர்டினேட்டரை மட்டும் மாற்றியது. வில்லியம்ஸைப் பந்து எறிய விடாமல் எதிரணிகள் அந்த சீசனில் 68 முறை தரையில் சாய்த்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் எழுந்து, தோளைத் தடவிக்கொண்டு திரும்ப வரிசைக்கு நடந்ததைப் பார்க்கும்போது என் மகன் டிவியை அணைக்கச் சொன்னான்.

2025ல்தான் பென் ஜான்சன் கோச்சாக வந்தார். ஜோ தூனி, ட்ரூ டால்மன், ஜோனா ஜாக்சன் என்று குவார்ட்டர்பேக்கைக் காக்கிற தடுப்பு வரிசைக்கு மூன்று பேரைச் சேர்த்தார்கள். அணி அந்த வருஷமே தன் பிரிவில் முதலிடம் வந்தது. சந்தோஷம்தான். ஆனால் இதையெல்லாம் 2024 ஜனவரியிலேயே செய்திருக்கலாம் என்ற ஆற்றாமை எனக்குப் போகவில்லை. அதே 2025ல் டென்னசி முதல் தேர்வாக கேம் வார்ட் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தது. ஆறு ஆட்டம் முடிந்ததும் கோச்சை நீக்கியது.

மஹோம்ஸ் கேன்சஸ் சிட்டிக்குப் போன 2017ல் அங்கே ஆடிக்கொண்டிருந்த குவார்ட்டர்பேக் யார் தெரியுமா? அலெக்ஸ் ஸ்மித். ஐந்து வருஷத்தில் ஐந்து பேரிடம் மாட்டிக்கொண்ட அதே ஸ்மித், ஆண்டி ரீட் என்ற ஒரே கோச்சிடம் ஐந்தாவது வருஷமாக ஆடிக்கொண்டிருந்தார். அந்த வருஷம் எறிவதன் தரத்தை அளக்கிற பாசர் ரேட்டிங்கில் லீக்கிலேயே முதலிடம் அவருக்குத்தான். தன் இடத்தை எடுக்க வந்த பையனை ஒவ்வொரு கூட்டத்திலும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். மஹோம்ஸ் அந்த சீசனில் ஆடியது டென்வரில் நடந்த கடைசி ஆட்டம் ஒன்றுதான். மறு வருஷம் 50 டச்டவுன்.