பங்கு பிரித்ததெல்லாம் சரி, யாருடைய பொருளை?

பாய்மரக் கப்பல் காலத்துக் கடற்கொள்ளையரை ஏழைப் பங்காளர்களாக்கி எழுதுவது இப்போது ஃபேஷனாகிவிட்டது. கப்பலில் ஆளுக்கு ஒரு ஓட்டு, பிடிக்காத கேப்டனை மாற்றலாம், கை கால் போனால் நஷ்டஈடு. எல்லாம் உண்மைதான். பார்த்தலோமியூ ராபர்ட்ஸின் கப்பலில் ராத்திரி எட்டு மணிக்கு விளக்கணைக்க வேண்டும் என்றுகூட விதி இருந்தது, ஹாஸ்டல் வார்டன் தோற்றார்! சவுக்கடியும் புழுத்த பிஸ்கட்டும் சம்பள பாக்கியுமாகக் காலம் தள்ளிய மாலுமி அந்தப் பக்கம் தாவியதில் ஆச்சரியமில்லை.

ஆனால் இந்தக் கதையைச் சொல்பவர்கள் கொள்ளையடிக்கப்பட்ட கப்பலுக்குள் மட்டும் எட்டிப் பார்ப்பதே இல்லை.

ஆங்கிலேயக் கடற்கொள்ளையர் ஹென்றி எவ்ரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1694 மே மாதம், ஸ்பெயினின் லா கொருன்யா துறைமுகத்தில் சம்பளம் வராமல் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்த மாலுமிகள், இவர் தலைமையில் 'இரண்டாம் சார்லஸ்' என்ற கப்பலையே கிளப்பிக்கொண்டு போனார்கள். அதற்கு 'ஃபேன்சி' என்று புதுப் பெயரும் வைத்தார்கள். அதுவரை நானும் அவர்கள் கட்சிதான்.

1695 செப்டம்பரில், ஹஜ் முடித்தவர்களை ஏற்றிக்கொண்டு சூரத்துக்குத் திரும்பிய ஔரங்கசீப்பின் 'கஞ்ச்-இ-சவாய்' கப்பலை மடக்கினார்கள். சண்டை தொடங்கியதுமே முகலாயக் கப்பலின் பீரங்கி ஒன்று வெடித்துச் சிதறியது, எவ்ரியின் குண்டு பட்டு நடுப் பாய்மரமும் சேதமானது. அப்புறம் அந்தக் கப்பலின் கேப்டன் இப்ராஹிம் கான் செய்ததை முகலாய வரலாற்றாசிரியர் காஃபி கான் எழுதி வைத்திருக்கிறார்: கீழ்த்தளத்துக்கு ஓடி, ஏமனின் மோக்கா துறைமுகத்தில் வாங்கிய அடிமைப் பெண்களின் தலையில் தலைப்பாகையைக் கட்டிச் சண்டைக்கு அனுப்பினாராம். அதன் பிறகு நாள்கணக்கில் சித்திரவதை, பாலியல் வன்கொடுமை. மானத்துக்குப் பயந்து கடலில் குதித்த பெண்களும் உண்டு. வந்த கொள்ளையில் ஆளுக்கு ஆயிரம் பவுண்டு வரை கிடைத்ததாகச் சொல்கிறார்கள். பங்கு ரொம்ப நியாயமாகத்தான் பிரிக்கப்பட்டிருக்கும்.

முகலாயர்களின் கோபம் சூரத்தில் இருந்த ஆங்கிலேயர்கள் மேல் பாய்ந்தது, பிடித்து அடைத்துவிட்டார்கள். வியாபாரம் போய்விடுமே என்று கிழக்கிந்தியக் கம்பெனி பதறியது. எவ்ரியின் தலைக்கு இங்கிலாந்து அரசு வைத்த 500 பவுண்டு பரிசு, கம்பெனி புண்ணியத்தில் ஆயிரமானது. ஆனால் சிக்கியது சில மாலுமிகள் மட்டும்.

1696 அக்டோபரில் லண்டனில் விசாரணை. முகலாயக் கப்பலைக் கொள்ளையடித்த வழக்கில் ஜூரி அவர்களை விடுதலை செய்துவிட்டது! அரசு விடவில்லை, இரண்டு வாரத்துக்குள் வேறொரு குற்றச்சாட்டோடு வந்தது: 'இரண்டாம் சார்லஸ்' கப்பலைத் திருடியது. இந்த முறை தண்டனை உறுதியானது, நவம்பரில் தேம்ஸ் கரையில் ஐந்து பேரைத் தூக்கில் போட்டார்கள். கவனியுங்கள், கழுத்தில் கயிறு விழுந்தது ஆங்கிலேய முதலாளிகளின் கப்பலுக்காக. அந்தப் பெண்களுக்கு நடந்ததற்காக எவர் மீதும் குற்றச்சாட்டே இல்லை.

எவ்ரி பஹாமாஸ் ஆளுநருக்குப் பெரிய லஞ்சம் கொடுத்துவிட்டு, அயர்லாந்து பக்கம் போய் மறைந்தவர்தான், பிடிபடவே இல்லை. ஆள் போனதும் கதை வந்தது: மடகாஸ்கரில் ராஜாவாக இருக்கிறாராம், அந்தக் கப்பலில் இருந்த முகலாய இளவரசியைக் கல்யாணம் செய்துகொண்டாராம். அவரை மாதிரியாக வைத்து 1712-ல் லண்டனில் நாடகமே போட்டார்கள். ஃபேஷன் இப்போது தொடங்கியது இல்லை போல.