விசிட்டிங் கார்டில் வீட்டு விலாசம் எதற்கு?

தேனி மாவட்டம் கம்பத்தில் அச்சகம் நடத்துகிறவன் என்ற முறையில், விசிட்டிங் கார்டில் எதைப் போடுவது, எதை விடுவது என்பதில் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. கார்டு அடிக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் இதை யோசித்துவிட்டு வருவதில்லை. பெயர், தொழில், கடை விலாசம், கைப்பேசி எண் எல்லாவற்றையும் கணினித் திரையில் அடுக்கி முடித்ததும், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பவர், "அண்ணே, கீழே இடம் சும்மாதானே கிடக்கு, வீட்டு விலாசத்தையும் சேர்த்துப் போட்ருங்க" என்பார். அதன் பிறகும் இடம் மிஞ்சினால் மகனுடைய எண் வரும். பின்பக்கம் வெறுமையாக இருந்தால் வங்கிக் கணக்கு எண்ணும் வந்துவிடும். மூன்றரை அங்குல நீளமும் இரண்டு அங்குல அகலமும் கொண்ட ஓர் அட்டையில் நம்மைப் பற்றி என்னென்ன இருக்க வேண்டும் என்பதை, அதை வாங்கிக்கொள்ளப் போகிறவரின் தேவை தீர்மானிக்காமல் காலி இடம் தீர்மானிப்பது சரியில்லை என்பதே நான் சொல்ல வருவது.

கொடுத்த ஆளிடமே கார்டு தங்கிவிடும் என்று நினைத்துக்கொண்டுதான் எல்லோரும் இவ்வளவு தாராளமாக இருக்கிறார்கள். எங்கள் பள்ளத்தாக்கில் அது கமிஷன் கடை மேசைக் கண்ணாடிக்கு அடியில் கிடக்கும். லாட்ஜின் கல்லாவுக்குப் பக்கத்தில் கிடக்கும். மலைமேல் கேரள எல்லையில் இருக்கும் குமுளிக்கும் கம்பம்மெட்டுக்கும் ஏறி இறங்கும் ஜீப்பின் முன்கண்ணாடி ஓரத்தில் செருகியிருக்கும். ஆஃப்செட்டில் ஆயிரம் கார்டுக்குக் குறைத்து அடிப்பது கட்டுப்படியாகாது என்பதால், ஒருமுறை எடுத்த முடிவு ஆயிரம் பிரதிகளாக வெளியே போகிறது. திரும்ப வாங்குவதற்கு வழியில்லை. போதாததற்கு, வாங்கியவர் அதைப் படமெடுத்து ஏதாவது ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார். தனிநபர் தகவல் பாதுகாப்புக்கு 2023இல் சட்டமே வந்துவிட்டதே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் தம்மைப் பற்றித் தாமே பொதுவெளியில் வெளியிட்ட தகவலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. புதுக் கார்டு கைக்கு வந்த அன்றே அதன் படத்தை முகநூலில் ஏற்றுகிறவர்கள் இதைக் கவனிப்பது நல்லது.

கைப்பேசி எண்ணைப் போடாமல் இருக்க முடியாது. ஆனால் எந்த எண்ணைப் போடுவது என்பதை யோசிக்கலாம். ரோமிங் கட்டணம் இருந்த காலத்தில், மலைக்கு மேலே கேரள சிம், கீழே தமிழ்நாட்டு சிம் என்று வைத்துக்கொண்டு இரண்டு எண்களையும் கார்டில் அச்சிட்ட வியாபாரிகள் இங்கே ஏராளம். கட்டணம் போனதும் அந்த இரண்டாவது எண்ணும் போய்விட்டது. அதை வேறொரு காரணத்துக்காகத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பேன். வங்கிக் கணக்கும் ஆதாரும் எந்த எண்ணோடு இணைந்திருக்கின்றனவோ, ஓடிபி எந்த எண்ணுக்கு வருகிறதோ, அந்த எண் ஊரெல்லாம் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. தொழிலுக்கென்று தனியாக ஒரு சிம் வாங்கி, அதில் வாட்ஸ்அப் பிசினஸ் வைத்துக்கொண்டு, அந்த எண்ணை மட்டும் கார்டில் போட்டால் போதும். பணம் வாங்குவதற்குக் கியூஆர் போட விரும்புகிறவர்களும் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பல செயலிகளில் யுபிஐ முகவரி நம் கைப்பேசி எண்ணாகவே தொடங்குகிறது. வேறு முகவரி வைத்துக்கொள்ளச் செயலியிலேயே வழி இருக்கிறது.

ஜிஎஸ்டி எண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைப் போட்டால்தான் கார்டுக்குக் கனம் என்று நம்புகிறவர்கள் அதிகம். அந்தப் பதினைந்து எழுத்துகளில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு. தமிழ்நாட்டுக்கு 33, கேரளத்துக்கு 32. அதை அடுத்து வரும் பத்து எழுத்துகள் பான் எண்ணேதான். கம்பெனியாக இருந்தால் அது கம்பெனியின் பான். தனி உரிமையாளராக இருந்தால் அது அவருடைய சொந்தப் பான். வருமான வரிக்கும் வங்கிக் கணக்குக்கும் நிலப் பத்திரத்துக்கும் அவர் கொடுக்கிற அதே எண். கம்பத்தில் கடையும் குமுளியில் கிடங்கும் வைத்து இரண்டு மாநிலங்களிலும் பதிவு பெற்றவர்கள், கார்டின் ஒரு பக்கத்தில் 33இல் தொடங்கும் எண்ணையும் மறுபக்கத்தில் 32இல் தொடங்கும் எண்ணையும் போடச் சொல்லும்போது, ஒரே பானை இரண்டு முறை அச்சிட்டுத் தருகிறேன். பதிவு பெற்றவர் அந்த எண்ணைக் கடைவாசல் பெயர்ப்பலகையில் எழுதியாக வேண்டும், பில்லிலும் போட்டாக வேண்டும் என்பது விதி. அரசின் இணையதளத்தில் எவரும் அதைச் சரிபார்க்கவும் முடியும். ஆகவே அது ரகசியம் என்று நான் சொல்லவில்லை. கார்டில் போடச் சொல்லி எந்த விதியும் கேட்கவில்லை என்பதையும், சரக்கு வாங்குகிறவருக்குப் பில்லில் அது கிடைத்துவிடும் என்பதையும்தான் சொல்கிறேன். வங்கிக் கணக்கு எண்ணுக்கும் இதே பதில்தான்.

இதற்கு வருகிற மறுப்பு வலுவானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் பக்கத்து ஏலக்காய் வியாபாரம் முழுக்க நம்பிக்கையில் நடப்பது. மலைமேல் கேரளத்து வண்டன்மேட்டில் இருக்கும் மலையாளிச் சேட்டன்மார் காயைக் கடனுக்கு எடைபோட்டுக் கொடுப்பது, வாங்குகிறவர் எந்த ஊர், யார் மகன், வீடு எந்தத் தெருவில் என்று தெரிந்த பிறகுதான். வீட்டு விலாசம் இல்லாத கார்டை ஒளிவுமறைவாக நினைப்பார்கள் என்று என் வாடிக்கையாளர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த நம்பிக்கையைக் கார்டு ஒருபோதும் சம்பாதித்துக் கொடுத்ததில்லை. கூட்டிக்கொண்டு போய் அறிமுகம் செய்கிற ஆள்தான் அதைக் கொடுத்தார். வீட்டு விலாசமும் அவர் வாய்மொழியாகவே போய்ச் சேர்ந்தது. அறிமுகம் இல்லாத இடத்தில் எதையாவது காட்டித்தான் ஆக வேண்டும் என்றால், 1987ஆம் ஆண்டு விதிகளின்படி ஏலக்காய் வணிகருக்கு மத்திய அரசின் நறுமணப் பொருள் வாரியமான ஸ்பைசஸ் போர்டு கொடுக்கிற உரிமம் இருக்கிறது. போடியிலும் புத்தடியிலும் நடக்கும் ஏலக்காய் மின்னணு ஏலத்தைத் தெரிந்த எவருக்கும் அதன் மதிப்பு தெரியும். "ஸ்பைசஸ் போர்டு உரிமம் பெற்ற வணிகர்" என்ற ஒரு வரி, கதவு எண்ணோடு கூடிய வீட்டு விலாசத்தைவிட அதிகம் பேசும்.

பெயருக்குப் பின்னால் சாதியைச் சேர்க்கச் சொல்கிறவர்களிடம் எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் விட்டுவிடச் சொல்லித் தீர்மானித்த பட்டத்தை, சிலர் சமீப காலமாகத் தங்க நிற எழுத்தில் கேட்கிறார்கள். மலைக்கு மேலே சேட்டன்மார் போடுகிறார்களே என்பது அவர்கள் வாதம். அங்கேயும் வீட்டுப்பெயரின் முதலெழுத்தை மட்டும் பெயருக்குப் பின்னால் போட்டு நிறுத்திக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.

தொழிலே சில கட்டுப்பாடுகளை விதிப்பதும் உண்டு. வழக்கறிஞரின் பெயர்ப்பலகையிலும் அச்சிட்ட எழுதுபொருள்களிலும் அவர் இன்ன வகை வழக்குகளில் நிபுணர் என்றோ, வழக்கறிஞர் சங்கத் தலைவராக இருந்தவர் என்றோ குறிப்பிடக் கூடாது என்று இந்திய பார் கவுன்சில் விதி சொல்கிறது. உத்தமபாளையத்திலிருந்து வருகிற இளம் வழக்கறிஞர்கள் சிலருக்கு இதை எடுத்துச் சொன்னால், அச்சடிக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்பதுபோலப் பார்ப்பார்கள். (டாக்டர் பட்டம் வாங்கியவர்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் தனிப் பதிவு வேண்டும்.)

வீட்டிலிருந்தே தொழில் செய்கிறவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, நான் சொல்வது அப்படியே பொருந்தாது. குமுளியில் ஹோம்ஸ்டே நடத்துகிறவர் விலாசத்தையும் வழியையும் போடாவிட்டால் விருந்தினர் வந்து சேர முடியாது. அவருக்கு வீடுதான் கடை. வீட்டில் தையல் தைக்கிறவருக்கோ, ஊறுகாயும் பொடியும் செய்து விற்கிறவருக்கோ அந்த அவசியம் இல்லை. தெருவின் பெயரும் பக்கத்தில் இருக்கிற கோயிலோ பள்ளியோ போதும். வருகிறவர் ஃபோன் செய்தால், வருவது யார் என்று தெரிந்துகொண்டு, வீட்டு அடையாளத்தைச் சொல்லிக்கொள்ளலாம். மொழியிலும் தேவையைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். மலைமேல் வாடிக்கையாளர் இருந்தால் பின்பக்கத்தை மலையாளத்துக்குக் கொடுத்துவிடலாம். வங்கிக் கணக்கு எண் போட வைத்திருந்த இடம் அதற்குச் சரியாக இருக்கும். மலையாளப் புரூஃபை, அதாவது அச்சுக்கு முந்தைய மாதிரியை மட்டும், மலையாளம் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டிவிட்டு அச்சுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

இத்தனையிலும் எனக்கு அதிகமாகக் கோபம் வருவது, ஊழியர்களுக்கு முதலாளிகள் கார்டு அடித்துக் கொடுக்கும்போதுதான். நிதி நிறுவனத்திலோ சுற்றுலா ஏஜென்சியிலோ வேலை பார்க்கும் பெண்ணின் சொந்தக் கைப்பேசி எண்ணை, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், நிறுவனத்தின் பெயருக்குக் கீழே போட்டு ஆயிரம் கார்டு அடிக்கச் சொல்கிறார்கள். அந்தப் பெண் வேலையை விட்ட பிறகும் அந்தக் கார்டுகள் ஜீப்பிலும் லாட்ஜிலும் இருக்கும். தவணைக் கணக்கு கேட்டும் தேக்கடிக்கு அறை கேட்டும் இரவு நேரத்தில்கூட அழைப்பு வரும். அந்த எண்ணில்தான் அவருடைய வங்கிக் கணக்கும் ஆதாரும் இருக்கும். ஊழியரின் பெயரையும் பதவியையும் போட்டு, நிறுவனம் வாங்கிக் கொடுத்த சிம்மின் எண்ணைப் போடட்டும். அப்படிச் செய்தால், அவர் போன பிறகு அந்த சிம் அடுத்து வருகிறவரின் கைக்குப் போகும், பழைய கார்டுகளுக்கும் ஆள் கிடைத்துவிடும். என் அச்சகத்தில் இப்போதெல்லாம் ஊழியர் கார்டு என்றால், எண்ணுக்கு உரியவரே புரூஃபில் கையெழுத்துப் போட்டால்தான் அச்சுக்கான பிளேட் போடுகிறோம். இதனால் சில நிறுவனங்கள் வேறு அச்சகத்துக்குப் போய்விட்டன, போகட்டும்.