உண்மை விளக்கம்: உடல் எடை மட்டும் பசிக்கு அளவுகோல் அன்று

‘உடல் பருமனானவர்கள் உள்ள குடும்பத்தில் உணவுப் பற்றாக்குறை இருக்க முடியாது’ என்று பரவிவரும் கூற்று தவறானது. வருமானம் சுருங்கும்போது குடும்பங்கள் பெரும்பாலும் முதலில் குறைத்துக்கொள்வது பழம், காய்கறி, பருப்பு போன்றவற்றையே. அவற்றின் இடத்தை மலிவான மாவுப்பொருளும் சர்க்கரையும் எண்ணெயும் நிரப்புவதால், கலோரி மிகுந்து எடை கூடினாலும், இரும்புச்சத்து, துத்தநாகம், வைட்டமின் ஏ ஆகியவை உடலில் குறைந்துபோகக்கூடும். தாய் பருமனாக இருந்தும் இரத்தசோகையுடன் வாழ்வதும், அதே வீட்டுக் குழந்தை வயதுக்கேற்ற உயரமின்றி வளர்வதும் மருத்துவம் நன்கறிந்த நிலை. உலகச் சுகாதார நிறுவனமும் உடல் மெலிவு, நுண்சத்துக் குறைபாடு, உடல் பருமன் ஆகியவற்றை ஊட்டச்சத்துக் கோளாறு என்ற ஒரே தலைப்பின்கீழ்தான் வைக்கிறது. பெரியவர்களின் எடையை மட்டும் பார்த்து ஒரு குடும்பத்தை உணவு உதவிப் பட்டியலிலிருந்து நீக்கினால், அங்குள்ள குழந்தையின் குறைபாடு, அதுவும் கருவுற்றது முதல் இரண்டு வயது வரை மூளை வேகமாக வளரும் முதல் 1,000 நாட்களில், கவனிக்கப்படாமலே போய்விடும்.